கொடுமைக்காரரின் கையைத் தடுத்து நிறுத்தும்படி ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் குழு ஒன்றில் பல வருஷமாக இருக்கிறேன். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் என்னிடம் நேரில் கேட்கப்பட்டவை. பெரும்பாலும் இரவு நேரத்தில், போனில், பக்கத்து அறைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டவை. பணமும் ஆள்பலமும் உள்ள ஒருவர் மிரட்டும்போது, அடிக்கும்போது, "இனி என்ன பண்ணுவது" என்று தெரியாமல் கேட்டவை. வேத வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

ஒருவருக்கு எதிராக ஜெபிப்பது பாவம் இல்லையா?

அவரைத் தடுத்து நிறுத்தும்படி கேட்பது பாவமே இல்லை. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மூன்றாம் சங்கீதத்திலேயே தாவீது பகைவர்களைப் பற்றித்தான் முறையிடுகிறான். அதுவும் சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடும்போது. 140-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, பொல்லாத மனுஷனுக்கு என்னைத் தப்புவியும், கொடுமையுள்ளவனுக்கு என்னை விலக்கி இரட்சியும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், பொல்லாத மனுஷர் கையிலிருந்து தாங்கள் விடுவிக்கப்பட ஜெபிக்கும்படி சபையிடம் கேட்டுக்கொள்கிறார். இப்படிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

"அவனை அடக்கும்" என்று கேட்பதற்கும் "அவனை அழியும்" என்று கேட்பதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

76-ஆம் சங்கீதத்தில் ஒரு வரி உண்டு: "மனுஷனுடைய கோபம் உமது மகிமையை விளங்கப்பண்ணும், மிஞ்சுங்கோபத்தை நீர் அடக்குவீர்." மிஞ்சுங்கோபம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மனுஷனுக்குக் கோபம் வருகிறது, அதில் ஒரு பங்கு வெளியே வந்தும் விடுகிறது. அதற்கு மேல் போகாதபடி ஒரு கை பிடித்துக்கொள்கிறது. யோபு புத்தகத்தில் கடலைப் பார்த்துக் கர்த்தர் சொல்வதும் இதே மாதிரிதான்: "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே." கடல் வற்றிப்போகவில்லை. கரை போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது.

இதைவிடத் தெளிவான இடம் ஆதியாகமம் 20. கேராரின் ராஜா அபிமெலேக்கு சாராளை அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவள் ஆபிரகாமின் மனைவி என்று அவனுக்குத் தெரியாது. அன்று இரவு சொப்பனத்தில் தேவன் அவனிடம், "நீ எனக்கு விரோதமாகப் பாவம் செய்யாதபடிக்கு உன்னைத் தடுத்தேன், ஆகையால், அவளைத் தொட நான் உனக்கு இடங்கொடுக்கவில்லை" என்கிறார். அந்தத் தடையால் சாராள் காப்பாற்றப்பட்டாள். அபிமெலேக்கும் காப்பாற்றப்பட்டான். அவன் செய்திருக்கக்கூடிய பாவம் அவன் கணக்கில் ஏறவில்லை.

ஆகவே ஒருவனை அடக்கும்படி கேட்கும்போது அவனுக்கும் சேர்த்துத்தான் நன்மை கேட்கிறீர்கள். ஓங்கின கை இறங்காமல் போனால் அடி வாங்க இருந்தவர் தப்புகிறார். அடிக்க இருந்தவனும் ஒரு பாவத்திலிருந்து, ஒருவேளை ஒரு கொலையிலிருந்தே, தப்புகிறான்.

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று இயேசு சொன்னாரே. இது அதோடு ஒத்துப்போகுமா?

மேலே சொன்னதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கிளம்புகிற தம்பியிடமிருந்து சாவியைப் பிடுங்குகிறோம். அவன் கத்துவான், திட்டுவான். அதைப் பகை என்று யாராவது சொல்வார்களா?

யாக்கோபும் யோவானும் ஒரு சமாரியக் கிராமத்தின் மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா என்று கேட்டபோது இயேசு அவர்களை அதட்டினார். அதே இயேசு, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் "எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று அலுக்காமல் போய்க்கேட்ட விதவையை நமக்கு மாதிரியாக வைத்தார். அக்கினி கேட்டவர்களை அதட்டியவர், நியாயம் கேட்டவளைப் பாராட்டினார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

58, 109 போன்ற சங்கீதங்களை என்ன செய்வது? "பற்களைத் தகர்த்துப்போடும்" என்றெல்லாம் வருகிறதே?

பலரைத் தடுமாற வைத்த பகுதி இது. ஆயர்களின் பொதுக்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபை தன் அன்றாட வேளை ஜெபங்களைத் திருத்தியபோது, நம் வேதப்புத்தகத்தின் எண்ணிக்கைப்படி 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் அதில் சேர்க்கவே இல்லை. வேறு சில சங்கீதங்களில் கடுமையான வரிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அவற்றை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அடிபட்டவர் வாயில் என்ன வருமோ அதுதான் அங்கே இருக்கிறது. அதை அவர் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். கத்தியை எடுத்துக்கொண்டு போகாமல் கர்த்தரிடம் போய்க் கொட்டுகிறார். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று சொன்னவரிடமே ஒப்படைத்துவிடுகிறார்.

அந்தப் பல் விஷயத்தையும் முழுதாகப் படிக்க வேண்டும். "பாலசிங்கங்களின் கடைவாய்ப்பற்களை நொறுக்கிப்போடும்" என்று வரி தொடர்கிறது. பல் போன சிங்கத்தால் கடிக்க முடியாது. கடுமையான வார்த்தைதான், ஆனால் கேட்பது, அவனிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கும் என்றுதானே? 10-ஆம் சங்கீதத்தில் துன்மார்க்கனுடைய புயத்தை முறிக்கும்படி கேட்பதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். 59-ஆம் சங்கீதத்தில் தாவீது "அவர்களைக் கொன்றுபோடாதேயும்" என்றே கேட்கிறான்.

சரி, எதைக் குறிப்பாகக் கேட்பது?

"கர்த்தாவே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். வேதத்தில் இருக்கிறவர்கள் பெயரும் விவரமுமாகக் கேட்டார்கள். அப்சலோமின் சதியில் தன் ஆலோசகன் அகித்தோப்பேலும் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டவுடனே தாவீது ஒரே ஒரு வரி ஜெபிக்கிறான்: "கர்த்தாவே, அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பயித்தியமாக்கிவிடுவீராக." ஒலிவமலையில் வெறுங்காலோடு அழுதுகொண்டே ஏறும்போது கேட்டது இது. உச்சிக்குப் போனதும் ஊசாய் என்ற சிநேகிதன் எதிரே வந்து நிற்கிறான். கடைசியில் அந்த ஆலோசனையைக் கெடுத்தவன் அவன்தான்.

அந்த மாதிரி நீங்களும் கேளுங்கள். அவர் போடும் திட்டம் குழம்ப வேண்டும், கூட இருக்கிறவர்கள் அவருக்கு ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும், கையில் இருக்கிற பணமும் ஆளும் இந்தக் காரியத்துக்கு உதவாமல் போக வேண்டும், ஆதியாகமத்தில் யாக்கோபைத் துரத்திப்போன லாபானுக்குச் சொப்பனத்தில் வந்தது போல ஒரு எச்சரிக்கை அவர் மனதுக்குள் வர வேண்டும் என்று கேட்கலாம். "ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது" என்கிறது நீதிமொழிகள். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் திரும்பும்.

யூதாவின் ராஜா எசேக்கியா செய்ததை நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். அசீரிய ராஜா சனகெரிப்பிடமிருந்து மிரட்டல் நிருபம் வந்ததும் எசேக்கியா அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். எங்கள் குடும்பத்தை ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் சொன்னதையெல்லாம் பிள்ளையின் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை. கை நடுங்கி, நாலாவது வரியில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. கட்டிலின் மேல் அதை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் வேதப்புத்தகத்தை வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். அழகாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. "இதை வாசித்துப் பாரும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிற்பாடு புகார் கொடுக்கப் போனபோது அதே தாள்தான் கையில் இருந்தது. எல்லாம் தேதியோடு இருந்ததால் எழுதிக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

எசேக்கியாவுக்கு என்ன பதில் கிடைத்தது?

தீர்க்கதரிசி ஏசாயா மூலமாக வந்த பதில் இது: "நான் என் துறட்டை உன் மூக்கிலும் என் கடிவாளத்தை உன் வாயிலும் போட்டு, நீ வந்தவழியே உன்னைத் திருப்பிக்கொண்டுபோவேன்." அந்த நாளில் உலகத்திலேயே பெரிய படையை வைத்திருந்தவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவது போல.

கி.மு. 701-இல் நடந்தது இது. சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டுகளே இன்றைக்கும் இருக்கின்றன. 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாக அவன் பெருமை பேசுகிறான். எசேக்கியாவைப் பற்றி வரும்போது, கூண்டுப் பறவை போல எருசலேமுக்குள் அடைத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று எழுதவில்லை.

இன்னொன்று. அவன் திரும்பிப்போனது அப்போதே நடந்தது. அவன் குமாரரே அவனைக் கொன்றது கி.மு. 681-இல், 20 வருஷம் கழித்து. வேதத்தில் இரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் வருவதால் உடனே நடந்தது போல நமக்குத் தோன்றுகிறது. தடுப்பது ஒரு நேரம், நியாயத்தீர்ப்பு ஒரு நேரம். முதலாவதுக்காக இன்றைக்கே கேளுங்கள். இரண்டாவது எப்போது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

ஜெபித்தால் போதாதா? போலீஸ், வக்கீல் என்று போனால் விசுவாசக் குறைவு ஆகாதா?

ஆகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தினாலேயே சிலர் ஆபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த எசேக்கியாவே சுரங்க வாய்க்கால் வெட்டித் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தவன். இடிந்த மதிலைக் கட்டினான். அந்த வாய்க்கால் 533 மீட்டர் நீளம், இன்றைக்கும் எருசலேமில் அதற்குள் நடந்து போகலாம். 59-ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள்: தாவீதைக் கொல்ல ராஜா சவுல் ஆள் அனுப்பி வீட்டைக் காவல்பண்ணின சமயம். அந்த இரவில் அவன் மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள், அவன் ஓடித் தப்பினான். ஜெபமும் ஜன்னலும் ஒரே இரவில்.

பவுலைக் கொல்லும்வரை சாப்பிட மாட்டோம் என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம் எடுத்தார்கள். பவுலின் சகோதரியின் மகன் அதைக் கேள்விப்பட்டு வந்து சொல்ல, பவுல் உடனே அந்தப் பிள்ளையைச் சேனாபதியிடம் அனுப்பினார். 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் பாதுகாப்போடு ராத்திரியிலேயே புறப்பட்டுப் போனார். அதற்கு முந்தின இரவுதான் கர்த்தர் அவர் பக்கத்தில் நின்று "திடன்கொள்" என்று சொல்லியிருந்தார். வாக்குத்தத்தம் கையில் இருந்தும் அவர் தகவலை அதிகாரியிடம் சேர்த்தார்.

அடிக்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இருந்து ஜெபிக்கலாம். "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது.

"பொறுத்துக்கொண்டு ஜெபி, அவர் மாறிவிடுவார்" என்று யாராவது உங்களுக்கு ஆலோசனை சொன்னால், அவர்கள் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். தாவீது சவுலுக்காகச் சுரமண்டலம் வாசித்தவன். சவுல் ஈட்டியை எறிந்தபோது விலகிக்கொண்டான், பிறகு வீட்டையே விட்டுப் போனான். சவுல் பின்னால் அழுது "என் குமாரனாகிய தாவீதே" என்று கூப்பிட்டபோதும் தாவீது அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை. அழுகையை நம்பி ஈட்டி எட்டும் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை.

கேட்டேன். அவன் அடங்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி வரும்போது நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசுவதில்லை.

எருசலேம் தப்பியது, ஆனால் அதே படையெடுப்பில் யூதாவின் இன்னொரு பட்டணமான லாகீஸ் தப்பவில்லை. சனகெரிப்பு தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்த அந்தக் காட்சி இன்றைக்கு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மதிலில் ஏறும் படை, மூட்டை முடிச்சோடு வெளியேறும் குடும்பங்கள், கழுவேற்றப்பட்டவர்கள். லாகீசிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்போஸ்தலர் 12-இல் ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான், பேதுருவைத் தேவதூதன் வெளியே கொண்டுவந்தான். ஒரே சபை, ஒரே அதிகாரம். எபிரெயர் 11 இன்னும் வெளிப்படை: விசுவாசத்தினாலே சிலர் "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்", சிலர் பட்டயத்தினாலே வெட்டப்பட்டார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆகவே உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவாக இருந்ததா என்ன? நேபுகாத்நேச்சாரின் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் "விடுவிக்காமற்போனாலும்" என்ற வார்த்தையைச் சேர்த்துத்தான் பேசினார்கள். "எதுவரைக்கும்" என்று கேட்பதும் ஜெபம்தான். ஆபகூக் அப்படித்தான் தன் புத்தகத்தை ஆரம்பித்தான்.

கொடுமை செய்வது ஒரு ஆட்சியாகவோ ராணுவமாகவோ இருந்தால்?

முதல் சபை ஜெபித்த ஜெபத்தைப் பாருங்கள்: "இப்பொழுதும், கர்த்தாவே, அவர்கள் பயமுறுத்தல்களை தேவரீர் கவனித்து" என்று சொல்லிவிட்டு, தங்களுக்குத் தைரியம் கேட்டார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானத்துக்காக ஜெபம் நடந்து வந்தது. பல வாரங்கள் ஒரு கைப்பிடிப் பேர்தான். 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். ஆயுதப்படை தயாராக நின்றது. ஆலயத்துக்குள் இடத்தை நிரப்ப ஆளுங்கட்சியே நூற்றுக்கணக்கான தன் ஆட்களை அனுப்பி உட்கார வைத்திருந்தது, அவர்களும் அன்று அந்த ஜெபத்தைக் கேட்டார்கள். வெளியே வந்தவர்கள் கையில் மெழுகுவர்த்தி. காற்றில் அணையாமல் இருக்க இன்னொரு கையால் மறைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் அதற்கே சரியாக இருக்கும், கல் எடுக்கக் கை மிச்சம் இருக்காது. அன்று ஒரு துப்பாக்கிக்குண்டும் வெடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று, பெர்லின் மதில் திறந்தது. இதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. இருந்தாலும் அந்த இரவில் ஏதோ ஒரு கை பிடித்து நிறுத்தியது என்றே நான் நம்புகிறேன்.

குழுவில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா?

தனியாக ஜெபிக்கும்போது தாராளமாகச் சொல்லுங்கள். குழுவில் வேண்டாம். செய்தி வெளியே போய் அவர் காதுக்கு எட்டினால் உங்களுக்குத்தான் ஆபத்து. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்வம்பு ஆகிவிடுவதும் உண்டு. "மிரட்டலில் இருக்கும் ஒரு குடும்பம்" என்றால் போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

உபவாசம் இருக்க வேண்டுமா?

எஸ்தர் இருந்தாள். முடிந்தால் இருங்கள். பயத்தில் ஏற்கெனவே சாப்பாடு இறங்காமல் இருக்கிறவர்கள் முதலில் சாப்பிடுங்கள்.

எனக்கே அவனை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. இந்த மனசோடு எப்படி ஜெபிப்பது?

அந்த மனசையும் கொண்டுபோய் வையுங்கள். தாவீதுக்கு ஒரு நாள் அதே நிலைமைதான். நாபால் என்ற செல்வந்தன் அவமானப்படுத்தி ஆட்களைத் திருப்பி அனுப்பியதும், தன் ஆட்களை அவரவர் பட்டயத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லி 400 பேரோடு கிளம்பினான். விடிவதற்குள் அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளையையும் விட்டுவைப்பதில்லை என்று ஆணையிட்டிருந்தான். அன்றைக்கு நாபாலின் வேலைக்காரர்களுக்குத் தாவீதுதான் பலசாலியான, கொடுமையான பகைவன். அவர்கள் ஜெபித்திருந்தால் தாவீதை அடக்கும் என்றுதான் ஜெபித்திருப்பார்கள்.

நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பங்களும் 200 அத்திப்பழ அடைகளும் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி வந்து எதிரே விழுந்தாள். நீண்ட பேச்சு. தாவீது நின்றுவிட்டான். இரத்தம் சிந்தாதபடி தன்னைத் தடுத்த அவளை ஆசீர்வதித்து, அவளை அனுப்பின கர்த்தரை ஸ்தோத்திரித்தான். இப்படித் தடுக்கப்பட்டதற்காக நன்றி சொன்ன ஒருவன்தான் "அவனைத் தடுத்து நிறுத்தும்" என்று பாடவும் செய்தான்.

நான் தாளை விரித்து ஜெபித்த நாட்களிலும் எனக்குள் அப்படி ஒரு பட்டயம் இருந்தது. அவருடைய பிள்ளைகளை வழியில் பார்த்தால்கூட முகம் கடுகடுத்துப்போகும். "அவரை அடக்கும்" என்பதோடு "என்னையும் அடக்கும்" என்று சேர்த்துக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

இரவில் பயத்தில் வார்த்தையே வரவில்லை. என்ன சொல்ல?

மூன்றாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். எட்டே வசனம். கதவைப் பூட்டிவிட்டு, உதவிக்கு வரக்கூடிய ஒருவருடைய நம்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதுவும் முடியவில்லை என்றால், "கர்த்தாவே, இம்மட்டும் போதும். இதற்கு மேல் அவரை வரவிடாதேயும்" என்று மட்டும் சொல்லுங்கள். தூக்கம் வருகிறவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.